அம்மாவின் சீனி அளவும் கனடாவுக்குப் போகும் குறியீடும்

அம்மாவின் சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவை, பார்க்கும் வைத்தியருக்கு நான் ஒரு வரி எழுதுவதென்றாலும், முதலில் கனடாவில் இருக்கும் அண்ணை நித்திரையால் எழும்ப வேண்டும். யாழ்ப்பாண நகரத்துத் தனியார் வைத்தியசாலை ஒன்றின் இணையத்தளத்தில் அம்மாவைப் பதிந்தவர் அவர்தான். தன்னுடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தே பதிந்துவிட்டார். அதனால் உள்ளே போவதற்கான ஆறு இலக்கக் குறியீடு நானும் அம்மாவும் இருக்கும் இணுவிலுக்கு வராது, கனடாவுக்குத்தான் போகும். ஐந்து நிமிடத்தில் அது செத்தும் போகும். இலக்கத்தை மாற்றலாம் என்று பார்த்தால், அதற்கும் பழைய இலக்கத்துக்குத்தான் குறியீடு அனுப்புவார்களாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. ஞாயிறு பின்னேரம் நான் அழைக்க, எங்கள் பூசாரி பல் விளக்கிக்கொண்டே, "மூண்டு, எட்டு, பொறு பொறு, கண்ணாடியை எடுக்கிறன்" என்று வாசிப்பார்.

அம்மா காலையில் தானே விரலில் குத்திப் பார்த்து, அளவை நாட்காட்டித் தாளில் எழுதி வைப்பார். பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க ஓடுகிற அவசரத்தில் நான் கருவியைப் பார்ப்பதில்லை. நூற்றிருபது, நூற்று முப்பது என்று அவர் எழுதியதை அப்படியே தளத்தில் ஏற்றுவேன். 'மிகவும் நல்லது, இன்சுலினை நான்கு அலகு குறைக்கவும்' என்று வைத்தியர் பதில் எழுதினார். அண்ணையும் அங்கிருந்து வாசித்துவிட்டு அம்மாவை மெச்சினார். நான்தான் ஊசியைக் குறைத்துப் போட்டேன்.

ஆனால் அம்மாவின் கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் மூன்று கிழமையாகியும் ஆறவில்லை. அதையும் கேட்டு எழுதத் தொடங்கினேன். தளம் படம் கேட்டது. இணைத்தால் படம் பெரிதாம். சிறிதாக்கினால் தெளிவில்லையாம். மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்ததென்று என்னை வெளியே தள்ளிவிட்டது. புதுக் குறியீடு வாங்கலாமென்றால் அண்ணை திரும்பப் படுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை சீனி பார்க்கும் கருவியின் பற்றரி முடிந்துவிட, சுன்னாகத்துப் பாமசிக்குக் கொண்டுபோனேன். பற்றரியை மாற்றிய கடைக்காரர் சரிபார்க்கவென்று பொத்தானை அழுத்தி, உள்ளே பதிந்துகிடந்த பழைய அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், உது ஆரின்ரை மெசின்? முந்நூற்றிப் பத்து, இருநூற்றித் தொண்ணூறு எண்டு கிடக்கு. ஒரு நாளும் இருநூறுக்குக் கீழை இறங்கேல்லையே."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "என்னத்துக்கம்மா உந்தப் பொய்?"

அம்மா உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "டொக்டர் மட்டும் பாத்தாப் பரவாயில்லை. உதைக் கனடாவிலை அவனும் எல்லோ பாக்கிறான். அப்பாவுக்கு ஏலாமல் கிடக்கேக்கை வேலையை விட்டிட்டு ஓடி வந்தவன். பிறகு ஒரு வருசம் வேலையில்லாமல் திரிஞ்சவன்."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ உண்மையை எழுதிப்போடுவாய்."

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இது எழுதாத சட்டம். தூரத்தில் இருப்பவனுக்கு நோய், வருத்தம் என்று சொல்லக் கூடாது. சரி, தொலைபேசியில் மறைக்கட்டும். வைத்தியரிடமுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், அந்தச் சோற்றை வாராவாரம் பரிமாறியவள் நான். இந்தக் கால் போனால் யார் பொறுப்பு? ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.

அன்று பின்னேரமே அண்ணையிடம் காரணம் சொல்லாமல் குறியீட்டை வாங்கி, கருவியில் கிடந்த அளவுகளையும் புண்ணையும் பற்றி ஒன்றும் விடாமல் எழுதி அனுப்பினேன். பதிலும் அவருடைய தொலைபேசிக்குத்தான் போனது. ஒரு மணித்தியாலத்தில் அழைத்தார். ஏச்சு விழும் என்று கிணற்றடிக்கு எழும்பிப் போனேன்.

"நாளைக்கு விடியவே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரட்டாம் டொக்டர். அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ?"

"இல்லை அண்ணை, நான் கிணத்தடியிலை."

அங்கே அவர் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்கும் இரண்டு வருசமா இன்சுலின்தான் பிள்ளை. போன மாதம் காலிலை ஒரு விரலை எடுத்திட்டாங்கள். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை."

திரும்பி வந்தபோது குசினி வாசலில் அம்மா நின்றார். "என்னவாம்? ஏசினவனோ?"

"இல்லையம்மா," என்றேன். "அவர் சுகமாய் இருக்கிறாராம்."