கன்சைனி கருப்பையா

பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் என் வேலை பேர் சொல்லிக் கூப்பிடுவது. நாகப்பட்டினத்துக் கப்பல் வந்த மறுநாள் பகலில், மூட்டைகளின்மேல் எழுதியிருக்கும் பேர்களைக் கூவுவேன். சாமானைப் பெற வேண்டியவருக்கு இங்கே கன்சைனி என்று பேர். புதுக்கோட்டையில் படித்த நாளில் கேள்விப்படாத வார்த்தை. நம் பக்கத்தில் கை நீட்டி வாங்கினால்தான் ஒருவர் வாங்கினவர். இங்கே வாங்குவதற்கு முன்பே அவர் கன்சைனி. வராமலே போனாலும் கன்சைனி. எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். இப்படிப்பட்ட வார்த்தையைக் கண்டால் மனசு சற்று நின்றுவிடுகிறது.

சென்ற கப்பலில் கோணியில் தைத்த சிறு மூட்டை ஒன்று வந்தது. பெறுபவர் கருப்பையா, அனுப்பியவர் குன்றாண்டார்கோவிலிலிருந்து அவர் மனைவி. எங்கள் ஊர்க்காரரான கருப்பையா அண்ணன் இங்கே ரப்பர் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். குழியில் மண் போட்டவர்களில் நானும் ஒருவன். ஊருக்குத் தோட்டத்து ஆபீசில் எழுதியிருப்பார்கள் என்று இருந்துவிட்டோம். எழுதவில்லை என்பது அந்த மூட்டையைப் பார்த்ததும் தெரிந்தது. அது திரும்பிப்போனால், புருஷன் போன சேதியை மதினி ஒரு கோணி மூட்டையிடம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் போய் நின்றேன்.

"ஐயா, இவரு செத்துப்போயிட்டாருங்க."

"செத்தாலும் கன்சைனி கன்சைனிதான், தம்பி. மூண்டு தரம் கூப்பிடும். வராட்டில் அனுப்பின இடத்துக்கே திருப்பும்."

"செத்தவரை எப்படிங்க பேர் சொல்லிக் கூப்பிடுறது?"

"ஆளை ஆர் கூப்பிடச் சொன்னது? பேரைக் கூப்பிடும்."

அவருக்கு ஆளும் பேரும் இரண்டு. எனக்கு ஒன்று. உச்சிவெயிலில் நான் கண்மாய்ப் பக்கம் போகும்போதெல்லாம் ஆத்தா சொல்லி அனுப்புவாள்: "ஒத்தக் கொரலுக்கு ஏன்னு கேட்றாதடா. அது காத்துக் கருப்பு. மனுசன்னா மூணு மட்டம் கூப்புடுவான்." மூன்று குரல் உயிருள்ளவன் விடும் அழைப்பு. இறந்தவர்களும் அந்த ஊரில் வளர்ந்தவர்கள்தானே. அவர்களுக்கும் அது தெரியும்; மூன்று தரம் கூப்பிட்டால் ஏன் என்று கேட்டுவிடுவார்கள்.

"கருப்பையா" என்றேன். சுமை தூக்கும் நம்மூர் ஆட்கள் சிரித்தார்கள். "யாருப்பா அது, மாமியா வீட்டுச் சீருக்கு மொறுக்கிக்கிட்டு நிக்கிற மாப்புள்ளையா?"

இரண்டாம் தரம் கூப்பிட்டேன். சிரிப்பு அடங்கியது. கிட்டங்கிக்குள் காற்று ஓடவில்லை. ஆனால் மூட்டையின் தையல் நூல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் குரல் விட்டேன்.

"இந்தா வாரேன்."

குன்றாண்டார்கோவில் பேச்சு. அண்ணன் இழுக்கும் அதே இழுப்பு. யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீரோ கன்சைனி?" என்றார் கிராணி. என் கைகள் இரண்டும் தாமாக நீண்டன.

மூட்டைக்குள் இருந்தது, மூலையில் மஞ்சள் தடவிய புது வேட்டி. அண்ணன் என்னைவிட ஒரு முழம் உயரம். அந்த வேட்டி என் அளவுக்குச் சரியாக இருக்கிறது. ஒரு தரம் இடுப்பில் வைத்துப் பார்த்ததோடு சரி. உடுத்தவில்லை.

மதினிக்கு இதைக் காகிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கப்பலில் நானே போய் வாயால் சொல்லப்போகிறேன். மதினி வீட்டு வாசலில் நான் நிற்கும்போது என் தொண்டையில் எந்தக் குரல் வருமோ, அதுதான் பயம். அதுவரை வேட்டி என் அறைக் கொடியில் தொங்குகிறது. ஒரு பாதி ஜன்னலுக்கு வெளியே போய் இந்த ஊர் மழையில் நனைகிறது. உள்ளே இருக்கும் பாதி காய்ந்து, மஞ்சள் மணக்கிறது. எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் நடுவில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.