நான்கு வரிசைக் கத்தரி

பினாங்குக்குப் பக்கத்தில், லூனாஸ் வட்டாரத்தில் என்னைப்போல் களையைக் கருக்கும் புல் மருந்தடிக்க அந்தக் காலத்தில் ஆள் கிடையாது. சும்மா சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன், பதினாலு வயதில் முதுகில் பம்பு ஏற்றினேன். முப்பதில் தோட்டங்களுக்கு மருந்தடிக்கச் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்தேன். எனக்குக் கீழே எட்டுப் பேர். எவனாவது எதிர்த்துப் பேசினால் பதில் என் கையிலிருந்துதான் போகும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மாதா கோயில் நிலத்துக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். சம்பளம் இல்லை, தானாகக் கடல் தாண்டி வந்தவள். எங்களோடு பழகித் தமிழும் பேசினாள். மருந்தும் கடை உரமும் போடாமல் இங்கே காய்கறி விளையுமா என்று இரண்டு வருடம் சோதித்து, தன் நாட்டுக்கு எழுதி அனுப்ப வேண்டும். மருந்து பட்ட செடி எதுவும் அந்தக் கணக்கில் சேராது. ஃபாதர் என்னைத்தான் துணைக்கு விட்டார். மருந்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் யார்? ஞாயிறு பூசை முடிந்ததும் போய்க் கூலி வாங்காமல் உழைத்தேன்.

சாணமும் புண்ணாக்கும் ஊறிய கரைசலை அவள் பூவாளியால் செடி செடியாக ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவள் பினாங்குக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பம்பையே கொண்டுபோனேன். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவிய பம்பு. கரைசலை வடிகட்டி, கத்தரிக்கு அடித்தேன். ஒரு பம்பு தீர்ந்ததும் வீட்டுக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை அவள் சைக்கிளில் பறந்து வந்தாள்.

"அண்ணே, செடிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு!"

போய்ப் பார்த்தேன். கத்தரி இலைகள் கோழி விரல்போல் முறுக்கிக்கொண்டு நின்றன. நின்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. புல் மருந்து. வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். அங்கே மருந்தடிக்கும் காண்ட்ராக்ட், என்னோடு போட்டி போடும் ஒருவனுடையது. காற்றில் வந்த மருந்து என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். வேறென்ன யோசிக்க? நேராக அவன் கொட்டகைக்குப் போனேன்.

"எந்தக் காத்துலடா அடிச்சே?"

"ரெண்டு வாரமா அந்தப் பக்கமே வரலண்ணே. ஆத்தா மேல சத்தியம்."

"யார்கிட்ட கதை விடுறே?"

"கதையா? ஒங்க பய எவனாச்சும் அடிச்சிருப்பான், போய்க் கேளுங்க."

சுவரில் சாய்த்திருந்த பித்தளைக் குழாயை எடுத்து வீசினேன். தடுக்க வலக்கையைத் தூக்கினான். எலும்பு முறிந்த சத்தம் கொட்டகைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கீழே விழுந்தவனை மேலும் இரண்டு உதை உதைத்தேன். அவன் தம்பி பாராங் கத்தியோடு பாய்ந்தான். என் தோளில் ஒரு வெட்டு. அவனையும் மருந்து டிரம்மோடு சேர்த்துத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

சட்டையெல்லாம் ரத்தம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளிடம் போய், அவன் கையை முறித்ததைச் சொன்னேன். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"காத்துல மருந்து வருதுன்னா இந்த நெலம் வேணாம் அண்ணே. ஊருக்கு லெட்டர் எழுதிட்டேன். காலைல தபால்ல போட்டுட்டுக் கெளம்புறேன்."

கெட்ட செடியைப் பிடுங்கியாவது போடுவோம் என்று நிலத்துக்குப் போனேன். வேலியோரக் கத்தரி பளபளவென்று நின்றது. காற்றில் வந்திருந்தால் முதலில் அதல்லவா முறுக்கியிருக்க வேண்டும்? நடுவில் நான்கு வரிசைதான் கெட்டிருந்தது. நான்காவது வரிசையில் ஒன்பதாவது செடிவரை முறுக்கல், பத்தாவதுக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை என் பம்பு தீர்ந்த இடம் அது. மூன்று தரம் கழுவியும் பழைய புல் மருந்து உள்ளே ஒட்டியிருந்திருக்கிறது.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவள் போய்விடுவாள், கை முறிந்தவன்தான் குற்றவாளி, என் பெயர் அப்படியே இருக்கும்.  வீட்டிலிருந்த பம்பைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

"காத்து இல்ல மிஸ்ஸி. இதுதான். நான்தான் அடிச்சேன்."

அவள் முகம் சிவந்தது. பம்பின் குழாயை உருவி என் முதுகில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடி கழுத்தில். தோள் காயம் திறந்துகொண்டது. என்னை அடித்த ஒரே பெண்பிள்ளை அவள்தான். மூச்சு வாங்க நின்றவள், எழுதிவைத்திருந்த கடிதத்தைக் கிழித்தாள்.

"நாலு வரிசையும் பிடுங்குங்க. மத்தது நிக்கட்டும். கை முறிஞ்சவர்கிட்ட யார் சொல்றது?"

அடுத்த நாள் நான்தான் போனேன். கையில் மாவுக்கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். சொன்னேன். எழுந்து இடக்கையால் என் வாயில் குத்தினான். ஒரு பல் போயிற்று. நான் கையைத் தூக்கவில்லை.

"இது நொட்டாங்கை," என்றான். "சோத்துக்கை சரியானதும் வந்து நில்லு."

அவன் மாவுக்கட்டு அவிழ்த்த மறுநாள் போய் நின்றேன்.