வேர்வை காயாத ஊரில் எஸ்தர்

செய்தி வந்தபோது பெருங்களத்தூர் சிக்னலில், பஸ்ஸில், அரைத்தூக்கத்தில் இருந்தேன். ஜன்னலோர இருக்கை, இளவெயில், நகராத பஸ். இந்த மூன்றும் சேர்ந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டில் யாருக்கும் கண் சொக்கும். எஸ்தரின் தம்பி டேனியல் போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். நான் "எங்க?" என்று கேட்டேன். தூக்கக் கலக்கம் ஒரு காரணம். சொல்லிக்கொள்ளாமல் ஏரிக்கரைக்கோ கோவளத்துக்கோ கிளம்பிவிடுவது எஸ்தரின் வழக்கம் என்பதால் அந்தக் கேள்வி என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் என்பது இன்னொரு காரணம். டேனியல் மறுபடியும் அதையே சொன்னார். அதற்குள் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. எனக்கு விளங்கியபோது இறங்க வேண்டிய இடம் தாண்டியிருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கூடுவாஞ்சேரி ஷெட்டில் அவரோடு வேலை பார்த்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சரக்கு ஆட்டோக்களுக்கு பேட்டரிப் பெட்டி செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. பேட்டரி ஓடினால் சூடாகும். அளவு மீறினால் தீப்பிடிக்கும். சூடு ஒரு வரம்பைத் தொட்டதும் வண்டியை நிறுத்திவிடும் புரோகிராமை எழுதுவது என் வேலை. சூடு அந்த வரம்பு வரைக்கும் போகாமல் பார்த்துக்கொள்வது எஸ்தரின் வேலை. ஒரே பெட்டிக்கு ஒரு காவல்காரன், ஒரு நர்ஸ். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை, நாங்கள் ஒத்துப்போகவும் இல்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு, காலை நேரத் தாம்பரம் லோக்கல் போல நின்றன. அவர் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். "இதுக்கு எங்க வேர்க்கும் பாய்?" முன்பின் தெரியாதவர் முதல் நாளே பாய் என்று கூப்பிட்டது ஒரு பக்கம் இருக்கட்டும், கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரிக்கு வேர்த்தால் நாம் வாசலைப் பார்த்து ஓட வேண்டியதுதான் மேடம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அது பதிலாகாது என்கிற மாதிரி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் வாதாம் மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் பாதிக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நானே நாவலூரில் இருக்கும் எங்கள் தலைமை ஆபீசில் வத்தி வைத்திருக்கிறேன். அவர் தூங்கவில்லை என்பது பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் அங்கே எல்லாமே கனவு மாதிரி மெதுவாக நடக்கும். மதில் மேல் காக்கை வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கும். தண்ணீர் டேங்குக்கு அடியில் ஈர மண்ணைப் பறித்து நாய் வயிற்றைப் பதித்துக்கொள்ளும். ரயில் சத்தம்கூடத் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். "எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு பாய். நம்ம பெட்டிக்குத்தான் இல்ல" என்பார், தனக்குத்தானே. யானையின் காது, கரையான் புற்றின் துவாரம், மாட்டின் ஈர மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டே போவார். ஒரு நாள், பேட்டரி ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு குறட்டை விடுவதாகக் கனவு கண்டேன் என்றார். நான் அவரை டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

கோவளத்துச் செல்வி நம் வட்டத்துக்குள் வந்தது அந்தச் சமயத்தில்தான். கோவளத்தில் மீன் ஏலம் எடுத்து நாவலூர் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய் விற்கிறவர். எங்கள் பெட்டி பொருத்திய ஆட்டோவை அவர்தான் ஓட்டுவார். வெயில் ஏறினால் வண்டி நடு ரோட்டில் நின்றுவிடும், ஐஸ் உருகும், மீன் கெடும். முதல் தடவை போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார் இது, நடு ரோட்டுல வண்டி மயக்கம் போட்டுகினு கீது. மீன நான் இன்னா பண்றது?" நாங்கள் அதுவரை அதற்கு ஏதோ ஒரு நீளமான இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தோம். எஸ்தருக்கு மயக்கம் என்ற சொல் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து ரிப்போர்ட்டிலும் மயக்கம், மீட்டிங்கிலும் மயக்கம். நாவலூரிலிருந்து வந்த வடநாட்டு மேனேஜர்கூட கடைசியில் மயக்கம் என்றே சொல்லப் பழகினார். அடுத்த கத்திரி வெயிலில் இந்த வண்டி மயக்கம் போடாது என்று எஸ்தர் செல்விக்கு வாக்குக் கொடுத்தார். இப்படியெல்லாம் வாக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சண்டை போட்டேன்.

முதலில் அவர் செய்தது வேர்க்கும் பெட்டி. பெட்டிக்கு மேல் நுண்துளைகள் உள்ள ஒரு தோல், அதற்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீர். சூடானால் தண்ணீர் கசியும், காயும், காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நம் உடம்பு செய்வதும் இதுதான். நாவலூர் ஆய்வுக்கூடத்தில் அது அற்புதமாக வேலை செய்தது. நானே மைசூர்பாகு வாங்கி வந்தேன். மழைக்கு மூட்டம் போட்டிருந்த ஒரு நாளில் கோவளத்துக்குக் கொண்டுபோய்ச் செல்வியின் வண்டியில் மாட்டினோம். ஒரே புழுக்கம், இலை அசையவில்லை. பெட்டிக்கு வேர்த்தது. வேர்த்துக்கொண்டே இருந்தது. சொட்டுச் சொட்டாக மீன் கூடைமேல் வழிந்ததே தவிர, சூடு ஒரு துளியும் இறங்கவில்லை.

எஸ்தர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். கர்ச்சீப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், முதுகோடு ஒட்டிக் கிடந்த என் சட்டையைப் பார்த்தார். பிறகு மணலிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் வேர்த்துக்கொண்டிருக்கிறவர்கள் நாங்கள். வருஷத்தில் பாதி நாள் இங்கே வேர்வை காயாது என்பதை எங்களுக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் வேர்க்கும் பெட்டியை ஏசி அறையில் வைத்துச் சோதித்துவிட்டு மைசூர்பாகு தின்றிருக்கிறோம். மெட்ராஸ்காரர்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு மறதி வரும் என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கேளம்பாக்கம் தாண்டிய பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு மேலிடத்துக்குப் பொறுமை போயிற்று. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வரம்பைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிடு, வண்டி நிற்காது, புகாரும் வராது என்றார்கள். புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். செல்வியை நினைத்தால் மாற்றிவிடலாம் என்றுதான் தோன்றியது. எஸ்தரிடம் சொன்னேன், அவர் சந்தோஷப்படுவார் என்ற நினைப்பில். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"மயக்கம் போடறது நல்லது பாய். உடம்பு தன்னைக் காப்பாத்திக்குது. அதுல கை வைக்காதீங்க. வெயில்ல நிக்க அதுக்கு ஒரு வழி பண்றது என் வேலை."

நான் கை வைக்கவில்லை. அத்தனை வருஷத்தில் என் வேலையை மதித்து ஒருவர் பேசியது அன்றுதான் என்று வீட்டுக்குப் போன பிறகு உறைத்தது.

வழி வாதாம் மரத்திலிருந்து வந்தது. பூச்சி அரித்த ஓர் இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். நடுவில் ஓட்டை. ஓட்டையைத் தாண்டி நுனி வரைக்கும் பச்சை. பெரிய நரம்பு அறுந்திருக்கிறது, ஆனால் சின்ன நரம்புகள் ஒன்றோடொன்று கைகோத்து, சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் தண்ணீர் கொடுத்திருக்கின்றன. செல்களுக்கு அடியில் சூட்டை வாங்க நாங்கள் வைத்திருந்த பழைய தகட்டில் தண்ணீர் போவது ஒரே நீளக் குழாயில். முதல் செல்லுக்குக் குளிர்ச்சி, கடைசி செல்லுக்கு வெந்நீர். வழியில் தூசு அடைத்தால் எல்லோருக்கும் கிடையாது. எஸ்தர் இலை மாதிரியே ஒரு தகடு வரைந்தார். இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவில் நரம்புகள். சூட்டை வாங்கிய தண்ணீர் வண்டியின் முகப்பில் காற்றுப் படும் ஒரு மெல்லிய பலகைக்குப் போய் ஆறித் திரும்பும். அந்தப் பலகைக்கு யானைக்காது என்று பெயர். பம்மலில் அச்சில் அழுத்தித் தரும் பட்டறையில் தகடு கோணிக் கோணி வந்தது, கசிந்தது, திரும்பப் போயிற்று.

அதற்கிடையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது, விடவே இல்லை. இரத்தத்தில் கோளாறு என்றார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு சில நாட்கள் ஷெட்டுக்கு வந்தார், பிறகு வரவில்லை. தாம்பரத்தில் ஆஸ்பத்திரி அறையில் நான் போய் நின்றபோது காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. ஏசியைக் கண்ணால் காட்டினார்.

"இங்க நல்லாக் காயுது பாய்."

நான் சிரிக்க வேண்டும் என்றே சொன்னார், சிரித்தேன். தகட்டை அடைத்துப் பார்த்தாயிற்றா என்று கேட்டார். வேண்டுமென்றே மூன்று இடத்தில் நரம்பை அடைத்துச் சூட்டு அறையில் ஓட்டினோம், தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விட்டது என்றேன். முகம் தெளிந்தது. கத்திரி வரட்டும், நீங்களே ரோட்டில் வந்து பாருங்கள் என்றேன். தான் பார்ப்பது முக்கியமில்லை, செல்வி ரோட்டில் நிற்கக் கூடாது என்றார். வெளியே வந்து ஜூஸ் கடை ஓரமாக நின்று அழுதேன்.

கத்திரிக்கு முன்பே போய்விட்டார். வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். மோட்டார் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் குளிர வைக்கும் வழியை அத்தனை வருஷம் தேடியவருக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்காது. கண்ணாடிக்கு வெளியே வேர்த்திருந்தது. டேனியல் துண்டால் துடைத்தார், அது மறுபடி வேர்த்தது. முகம் தெரிவதற்காக நாங்கள் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டே இருந்தோம்.

செல்வி வந்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண் மூடியாகிவிட்டது. வண்டலூரில் வண்டி மயக்கம் போட்டு, அது தெளியும் வரை வெயிலில் நின்றிருக்கிறார். பழைய தகடுதான். புதியதை அடுத்த வாரம் மாட்டுவதாக இருந்தோம். நிறுத்தியது என் புரோகிராம். செல்வி என்னை ஒன்றும் சொல்லவில்லை. "மூஞ்சியக் கூடப் பாக்கல சார்" என்று மட்டும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எஸ்தர் கோபித்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்த வார்த்தை என்னை வீடு வரைக்கும் விடவில்லை.

புதுத் தகடு மாட்டினோம். கத்திரி தொடங்கிய அன்று ஷெட்டில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். வண்டி எங்கே இருக்கிறது, பெட்டி எவ்வளவு சூடு என்பது திரையில் தெரியும். கோவளம், நாவலூர், மறுபடி கேளம்பாக்கம். வெளியே தார் உருகியது. திரையில் கோடு வரம்புக்கு எவ்வளவோ கீழே சாவதானமாகப் போய்க்கொண்டிருந்தது. நடு மதியத்தில், வண்டி தாம்பரம் பக்கம் திரும்பி, அதன் வழியிலேயே இல்லாத ஓர் இடத்தில் நின்றுவிட்டது. போன் செய்தால் எடுக்கவில்லை. கோட்டைப் பார்த்தேன், அது ஏறவே இல்லை. ஏறாமல் ஏன் நின்றது என்று புரியாமல் என் புரோகிராமை வரிவரியாகத் திட்டிக்கொண்டிருந்தபோது செல்வியே கூப்பிட்டார்.

"வண்டி நிக்கல சார். நான்தான் நிறுத்துனேன். மேடமாண்ட காட்டிகினு இருக்கேன்."

கல்லறைத் தோட்டத்து வாசலில், நிழலில்கூட ஒதுக்காமல், வெயிலிலேயே நிறுத்தியிருந்தாராம். கொஞ்ச நேரத்தில் திரையில் அந்தப் புள்ளி மறுபடி நகர்ந்தது. வண்டலூர் வந்தது, தாண்டியது. பொழுது சாயும் வரை நான் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷமாக நான் எழுதித் திருத்திக் காத்து வரும் புரோகிராம் அன்று முழுவதும் தூங்கியது, அதை எழுப்ப ஒன்றும் நடக்கவில்லை. எஸ்தரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மதியத்தை.