பொட்டு வைத்த திரை

மாட்டுத்தாவணி மொத்தப் பூச்சந்தையில் விருமாண்டியின் கமிஷன் கடைக்குப் பூக் கொண்டு வருகிறவர்கள் அவரைக் குறை சொன்னதில்லை. எடை சரியாக இருக்கும். பேச்சு சுருக்கமாக இருக்கும். தங்கை முனீஸ்வரி இறந்த ஐப்பசிக்குப் பிறகு அந்தப் பேச்சு இன்னும் சுருங்கிப் போயிற்று. முகூர்த்த நாளில் மல்லிகை விலை உச்சிக்கு ஏறினாலும், கேட்பாரின்றிச் சாக்குச் சாக்காக வாடிக் கிடந்தாலும் ஒரே குரலில் விலை சொன்னார். சந்தைக்காரர்கள் அதை நிதானம் என்று மெச்சினார்கள். அது நிதானமில்லை என்பது அவர் மனைவி அன்னக்கொடிக்கு மட்டும் தெரியும். குழம்பில் உப்பு இல்லாத அன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தவர் அவர்.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். தகப்பன் இல்லாத வீட்டில் தங்கைக்குத் தகப்பனாகவும் இருந்தவர். சந்தையில் மூட்டை தூக்கத் தொடங்கிச் சொந்தக் கடை வைத்து, முனீஸ்வரியைத் திருநகரில் இரும்புக்கடை வைத்திருந்த அழகுபாண்டிக்குக் கட்டிக் கொடுத்தார். அவள் மகள் திவ்யாவுக்குக் காது குத்தியது இவர் மடியில் வைத்துத்தான். ஒவ்வொரு தையிலும் பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து, சேலையோடு பொங்கப்படி கொண்டுபோய் இறக்காமல் தன் வீட்டில் அவர் பொங்கல் வைத்ததில்லை.

முனீஸ்வரிக்கு நோய் வந்தது, ஓராண்டு படுக்கையில் கிடந்தாள், போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவர்தான் கொண்டுபோய்ப் போர்த்தினார். துணிக்கடையில் என்ன நிறம் வேண்டுமென்று கேட்டபோது முதலில் கைக்கு வந்ததை எடுத்தார். அழவில்லை. மறுநாளே கடை திறந்தார். தலைத்திவசம் முடிந்த பின் வந்த பொங்கலுக்கு அரிசியும் வெல்லமும் வாங்கிவிட்டுச் சேலைக்கடை வாசல் வரை போனார். யாருக்குச் சேலை எடுப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றார். பிறகு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஏன் வரவில்லை என்று திருநகரிலிருந்து யாரும் கேட்கவுமில்லை.

ஆவணியில் அழகுபாண்டியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. முனீஸ்வரி இருந்தபோது கடைக்கால் போட்ட வீடு முடிந்துவிட்டது, பால் காய்ச்சுகிறார்கள்.

"மச்சான், குடும்பத்தோட வந்துருங்க. செய்முறை கிய்முறைன்னு ஒண்ணும் இழுத்துப் போட்டுக்கிறாதீக. அவளே இல்ல, இனி எதுக்கு?"

"சரி மாப்ள" என்றார் விருமாண்டி.

அது பரிவா, கணக்கு முடித்த பேச்சா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அன்னக்கொடிக்குப் பிடிபட்டது.

"சரி மாப்ளயா? நல்லாச் சொன்னீக போங்க. சீரோட போனாப் பெறந்த வீடு. வெறுங்கையோட போனா வந்தவுக போனவுகதேன். நாளப்பின்ன அந்தப் புள்ளைக்கு ஒரு நல்லது பொல்லதுன்னா எந்த வாசல்ல போயி நிப்பீக?"

 அன்று மாலையே அவர் திவ்யாவைத் தொலைபேசியில் அழைத்து, சீருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கணினிப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி அவள். 

"ஒரு மானிட்டர் வாங்கித் தாரீகளா மாமா? கேம் ஆடணும், படம் பாக்கணும். நல்லா அகலமா இருக்கணும். அப்பறம்... பக்கவாட்டுல இருந்து பாத்தாலும் தெரியணும். மத்தது உங்க இஷ்டம்."

"நீயும் கடைக்கு வாரியா தாயி?"

"சீரு வாங்குறவுக கடைக்கு வரலாமா? அம்மா இருந்தா வெளக்குமாத்த எடுத்துரும்."

ஆகவே ஒரு நண்பகலில் விருமாண்டியும் அன்னக்கொடியும் டவுன்ஹால் ரோட்டுப் பக்கமுள்ள கணினிக் கடையொன்றில் ஏறினார்கள். கடைக்காரர் பாண்டிராஜ் வாய் ஓயாதவர்.

"யாருக்குண்ணே, ஆபீசுக்கா?"

"எந்தங்கச்சி மகளுக்கு. பால்காய்ப்புச் சீரு."

"சீரா! இந்தக் கடைக்குச் சீரு எடுக்க வந்த மொத ஆளு நீங்கதாண்ணே. உக்காருங்க, மொதல்ல டீ சாப்பிடுங்க."

இரண்டு அகலத் திரைகளை அருகருகே எரியவிட்டார். ஒன்று வில் போல உள்வாங்கி வளைந்தது, பெரியது. மற்றது தட்டையானது, அதைவிடச் சற்றுச் சிறியது. இரண்டிலும் ஒரே காட்டில் ஒரே புலி ஓடியது.

"வளைஞ்சது, நேரா உக்காந்து ஆடுறவுகளுக்குச் சொர்க்கம். இருட்டு சீனெல்லாம் கன்னங்கரேல்னு நிக்கும். தட்டையில கருப்பு கொஞ்சம் சாம்பல் அடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ரெண்டுலயும் புதுப் படம் போட்டா மேலயும் கீழயும் பட்டை விழுகாது, தேட்டர் மாதிரி நெறஞ்சு நிக்கும். பழைய படம் போட்டா ரெண்டு ஓரமும் கருப்பா நிக்கும். அது ஒண்ணும் செய்ய முடியாது, அந்தக் காலத்துல அப்பிடித்தேன் எடுத்தாக."

"வளைஞ்சதையே எடுங்க" என்றாள் அன்னக்கொடி. "தெருவே திரும்பிப் பாக்கும். அந்தக் கனகா வாயி ஒரு நாளைக்காச்சும் மூடட்டும்." கனகா என்பவள் அழகுபாண்டியின் அக்கா.

விருமாண்டி எழுந்தார். திரைகளுக்கு நேரே நின்றவர், ஓரமாக நடந்து சுவர் வரை போனார். அங்கே வேட்டியை மடித்துக்கொண்டு குந்தினார். போதவில்லை என்று தோன்ற, தலையை ஒரு தோள்மேல் சாய்த்துப் பார்த்தார். வளைந்த திரையில் புலி வெளுத்துச் சாம்பல் பூனையாகத் தெரிந்தது. தட்டையானதில் புலி புலியாகவே ஓடியது.

"அண்ணே, அங்கன எல்லாம் யாரும் உக்கார மாட்டாக" என்று சிரித்தார் பாண்டிராஜ்.

"உக்கார மாட்டாக" என்றார் விருமாண்டி. "படுத்திருந்தாக."

அன்னக்கொடி தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி படுக்கையில் கிடந்த நாட்களில் திவ்யா தன் மடிக்கணினியை நாற்காலியில் வைத்துப் பழைய நகைச்சுவைப் படங்களாகப் போடுவாள். தலையணையிலிருந்து பார்க்கிறவளுக்கு முகங்கள் கரித்துண்டுகளாகத் தெரியும். திவ்யா திருப்பித் திருப்பி வைத்தும் சரிப்படாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த விருமாண்டியிடம், "அண்ணே, உனக்காச்சும் தெரியுதா?" என்று முனீஸ்வரி கேட்டாள். தெரியவில்லை. ஆனாலும், "தெரியுது" என்றார். அந்த நினைவு வந்தபோதும் அவருக்கு நெஞ்சு இளகவில்லை. கேட்ட கேள்வி, சொன்ன விடை என்ற அளவில் வந்துவிட்டுப் போயிற்று.

"தட்டையானதைக் கட்டுங்க" என்றார்.

பால்காய்ப்பு அன்று காலை, திருநகரில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். குத்துவிளக்கு, பித்தளைக் குடம், தாம்பாளம், அரிசி, பழங்கள். பெட்டிக்குள் கிடந்தால் அது சீராகுமா என்று அன்னக்கொடி கேட்டதால், திரையைப் பெட்டியிலிருந்து எடுத்து அதன் தாங்குகாலில் பொருத்தி, தன் கடையிலிருந்து கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை மேல்விளிம்பில் விருமாண்டியே சுற்றினார். பிறகு சந்தனக் கிண்ணத்தை அன்னக்கொடி நீட்ட, ஒவ்வொரு பொருளுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போனார். குடத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். விளக்குக்குச் சந்தனம், குங்குமம். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. சந்தையில் எடை போடும் கை, கோடி போர்த்திய கை, எதற்கும் அவரைக் கேட்காத கை. திரையின் இடது மேல்மூலையிலும் அது சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தது. அன்னக்கொடியும் கிண்ணத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சீர்ப் பொருளுக்குப் பொட்டு வைப்பதில் இருவருக்குமே பிழையொன்றும் தெரியவில்லை.

மேளம் முழங்க, திரையை மார்போடு அணைத்துக்கொண்டு விருமாண்டி முன்னே நடந்தார். சீர் வருகிறதென்றால் வீட்டுக்காரர் தெருமுனை வரை வந்து எதிர்கொள்வது முறை. அழகுபாண்டி மேளச் சத்தம் கேட்டபின்தான் வாசலுக்கு வந்தார்.

"நாந்தேன் வேணாம்னேனே மச்சான்."

"மாமன் வீடுன்னு ஒண்ணு இருக்கைல எப்பிடிண்ணே வேணாம்கிறது?" என்றாள் அன்னக்கொடி, மேளத்தையும் மீறி.

ஆரத்தித் தட்டோடு நின்ற திவ்யாவின் முகம் திரையைக் கண்டதும் மலர்ந்தது. அடுத்த கணமே அவள் கண்கள் மூலைக்குப் போயின. "மாமா, ஸ்கிரீன்ல..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

கனகா நிறுத்தவில்லை. "என்ன மச்சான், டிவிக்கும் பொட்டா? அப்பிடியே மூக்குத்தியும் குத்திக் கொண்டாந்திருக்கலாம்ல?"

கூட்டம் சிரித்தது. திரையை நடுக்கூடத்து மேசையில் இறக்கினார் விருமாண்டி. "அது ஒண்ணுமில்ல, தொடச்சாப் போயிரும்" என்று கனகாவே சேலைத் தலைப்பை நனைத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தே, தேய்க்காதீக! அத்தே!"

அவள் தேய்த்து முடித்துவிட்டாள். சந்தனம் போயிற்று. குங்குமம் உள்ளங்கை அகலத்துக்குப் பரவி நின்றது. திவ்யா மெல்லிய துணி கொண்டுவந்து எவ்வளவோ பக்குவமாக ஒற்றி எடுத்தாள். திரையின் மேற்பூச்சுக்குள் ஏறிய சிவப்பு இறங்கவில்லை. விருமாண்டி தொலைபேசியில் பாண்டிராஜை அழைத்தார். கம்பெனியில் இதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் அவர். சொல்லும்போது முதன்முறையாக அவர் பேச்சும் சுருங்கியிருந்தது.

"அப்பறம் என்ன, அவுகளே தூக்கிட்டுப் போயி வேற வாங்கியாரட்டும்" என்றாள் கனகா. "கறை பட்டத வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

 வாசற்படி தாண்டி உள்ளே வந்த சீர் திரும்பிப் போனால் அதோடு உறவும் போயிற்று என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அன்னக்கொடி அழகுபாண்டியைப் பார்த்தாள். அழகுபாண்டி தரையைப் பார்த்தார். விருமாண்டிக்கு அப்போதும் அவமானமோ கோபமோ தோன்றவில்லை. செய்யவேண்டியது இதுதான் போலும் என்று குனிந்து, திரையை இரு கைகளாலும் தூக்கிவிட்டார்.

"மாமா, வைங்க."

திவ்யாதான். மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மாத்தியாரேன் தாயி."

"மாத்த வேணாம். எங்க மாமா வச்ச பொட்டு. அது பாட்டுக்கு இருக்கட்டும். வைங்கன்னா வைங்க, கை நடுங்குது பாருங்க."

கை நடுங்குவதை அவள் சொல்லித்தான் அவர் பார்த்தார்.

பால் பொங்கியது. பந்தி முடிந்தது. வெயில் தாழ்ந்தபோது கூட்டம் கலைந்து, வீட்டில் சொந்தபந்தம் மட்டும் மிஞ்சியது. திவ்யா தன் புது அறையில் திரையைக் கணினியோடு இணைத்துவிட்டு, மாமனைக் கூப்பிட்டாள். அம்மா படுத்திருந்த கட்டில் அந்த அறையில்தான் கிடந்தது. விருமாண்டி வழக்கம்போலக் கால்மாட்டில் உட்கார்ந்தார். முதலில் அவள் ஆடும் விளையாட்டைப் போட்டுக் காட்டினாள். மேல்மூலையில் சிவப்பு தெரிந்தது.

"இனி அந்த மூலையில எதிரி நிக்கிறான்னு நெனச்சுச் சுட்டுக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

பிறகு அம்மாவுக்காகப் போட்ட பழைய படங்களில் ஒன்றைப் போட்டாள். பாண்டிராஜ் சொன்னபடியே படம் நடுவில் சதுரமாக நிற்க, இரண்டு ஓரமும் கருப்பாக ஒதுங்கின. சிவப்பு அந்தக் கருப்புக்குள் போய் மறைந்தது. இடம் தெரிந்து தேடினாலொழிய அது இருப்பதே தெரியவில்லை.

"மாமா, அங்கன இருந்து தெரியுதா?"

விருமாண்டி தலையணைப் பக்கம் சற்று நகர்ந்து, முன்பு தங்கையின் தலை இருந்த உயரத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகங்கள் முகங்களாகவே இருந்தன.

"தெரியுது" என்றார்.

படத்தில் யாரோ யாரையோ துரத்தினார்கள், விழுந்தார்கள், வாயசைத்தார்கள். சத்தமே இல்லை.

"சவுண்டு வரல?"

"இதுல ஸ்பீக்கர் கெடையாது மாமா. தனியா வாங்கணும்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பொங்கப்படிக்கு அதக் கொண்டாந்துருங்க. சேலையெல்லாம் எனக்கு வேணாம்."

அறைக்கு வெளியே அழகுபாண்டி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மகள் சொன்னதை மறுப்பார் என்று விருமாண்டி காத்திருந்தார். அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேட்டுக்கிட்டீகளா மச்சான்? தையில வெறுங்கையோட வந்துறாதீக. போன தையிலயே வருவீகன்னு வாசல்லயே நின்னா இவ."

"சரி மாப்ள" என்றார் விருமாண்டி.

வீடு திரும்ப, திருமங்கலத்திலிருந்து வந்த பேருந்தில் ஏறி இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு அன்னக்கொடி கேட்டாள். "உள்ள கூப்பிட்டு என்ன கேட்டா புள்ள?"

"ஸ்பீக்கரு. பொங்கப்படிக்கு."

அன்னக்கொடி சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அதுக்காச்சும் பொட்டு வைக்காம கொண்டு போவோம்" என்றாள்.

விருமாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. விரலிடுக்கில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவர், சற்றுக் கழித்து, "ஓரத்துல வைக்கலாம்" என்றார்.