சிவப்புத் துணி கட்டிய மரம்

வெளிநாட்டில், மல்வேர்ன் ஊரில் மகள் வீட்டில் நிற்கிறேன். பக்கத்துத் தேவாலய வளவில் ஒரு கிழட்டு மரம், ஊசியிலையும் சிவப்புப் பழமுமாக, என்ன வடிவு. பழம் நஞ்சாம், மகள் தொடவிடமாட்டாள், அது வேறு கதை. நேற்று நேர்த்தி வைத்து அதற்குச் சிவப்புத் துணி கட்டினேன்.

இன்று வந்தால் அதன் அடியில் இயந்திர வாள் இரைகிறது. ஓடிப்போய் மரத்தைக் கட்டிப்பிடிக்கிறேன். வாள் பிடித்தவன் தமிழ்ப் பிள்ளை.

"அம்மா, விலத்துங்கோ. பட்டுப்போன மரங்களுக்கு அடையாளமாச் சிவப்புத் துணி கட்டியிருக்காம், அதுகளை வெட்டச் சொல்லியிருக்கினம்."

"உது நான் நேர்த்திக்குக் கட்டினது, தம்பி."

பச்சைக் கொப்புகளை அண்ணாந்து பார்த்தவன் வாளை நிறுத்துகிறான்.

"வேறை எந்த மரத்துக்குக் கட்டினனீங்கள்?"

வேலியோரத்தைக் காட்டுகிறேன். அங்கேயும் ஒரு வாள் இரைகிறது. அவன் கத்திக்கொண்டு ஓட, இரைச்சல் அடங்குகிறது.

திரும்பி வந்து இரண்டு துணியையும் என் கையில் திணிக்கிறான்.

"இனிக் கையால மட்டும் கும்பிடுங்கோ, அம்மா."