கிண்ணியாவுக்குத் திரும்பும் சந்தி

சைக்கிள் கழகத்தோடு நான் போனது அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவை. எங்கள் ஒழுங்கையில் நான்கு வீடு தள்ளியிருக்கும் ரீச்சர்தான் கழகத்தை நடத்துகிறவர். நான் சந்தைக்குச் சைக்கிளில் போய்வருவதைக் கண்டுவிட்டு ஒருநாள் படலையடியில் நின்று கேட்டார்.

"இந்த வயதிலயும் நீங்கள் நல்லாச் சைக்கிள் ஓடுறீங்கள். எங்களோடயும் ஒருக்கா வாங்கோவன் அம்மா."

மாட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வருகிறேன் என்று சொல்லவும் வெட்கம்தான். சும்மா தலையை ஆட்டினேன். அது ஓம் ஆகிவிட்டது.

அன்புவழிபுரத்தில் இருந்து கிண்ணியாப் பாலம் வரை போய், பாலத்தடியில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவதாகக் கதை. விடியவே வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. தூறலும் விழுந்தது. இருபது பேரளவில் வந்திருந்தார்கள். எல்லாரும் தலைக்கவசமும் மழைக்கோட்டும் போட்டிருந்ததால் ஆர் ஆண், ஆர் பெண் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

கண்டி வீதியில் இருந்து கிண்ணியாவுக்குத் திரும்பும் சந்தியில் ரீச்சர் என்னை நிற்பாட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவரை நிற்கவிட்டுப் போவது அவர்களுடைய வழக்கமாம்.

"பின்னுக்கு வாற ஆக்களுக்கு இந்தப் பக்கமெண்டு கையைக் காட்டுங்கோ. கடைசி ஆள் வருமட்டும் அசையக் கூடாது. அவரின்ர சைக்கிளில பின்னுக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அவர் உங்களையும் கூட்டிக்கொண்டு வருவார். விளங்கினதோ?"

"ஓம் ரீச்சர்."

பாதிதான் விளங்கியது. துணியைக் காணாவிட்டால் என்ன செய்வது என்று கேட்க வாய் வரவில்லை.

முதலில் ஏழெட்டுப் பேர் ஒன்றாகப் போனார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக வந்தார்கள். கையைக் காட்டினேன். மழை கூடியதும் பக்கத்துப் பஸ் தரிப்பிடத்துக்குள் ஏறினேன். சைக்கிளைச் சுவருக்குப் பின்னால் சாத்தினேன். தலைக்கவசம் காதை நெரித்தபடியால் அதைக் கழற்றிச் சைக்கிளில் கொழுவிவிட்டு, கூடைக்குள் கிடந்த நீலப் பொலித்தீனை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். அதற்குப் பிறகும் மழைக்கோட்டோடு வந்தவர்களுக்கெல்லாம் கையைக் காட்டினேன். ஒருவர் பிரேக் பிடித்து நின்றார். பின்னால் மீன்பெட்டி.

"என்னம்மா?"

"கிண்ணியாவுக்கு இந்தப் பக்கம்."

"அது தெரியும், நான் அங்கதான் பிறந்தனான்." சிரித்தார். "வழி மாறி எங்கயும் போயிடுவனெண்டு வீட்டில பொஞ்சாதி சொல்லி விட்டவவோ?"

அவர் போன பிறகு எனக்கு எல்லாம் குழம்பிவிட்டது. நான் கைகாட்டினதில் எத்தனை பேர் கழகத்து ஆட்கள், எத்தனை பேர் தங்கள் பாட்டில் வீட்டுக்குப் போனவர்கள்?

கொஞ்ச நேரத்தில் ஒரு தம்பி வந்தார். துறைமுகத்தில் வேலை செய்கிறவர் என்று காலையில் ரீச்சர் சொன்னது ஞாபகம். அவருடைய நீண்ட மழைக்கோட்டு சைக்கிளின் பின்பக்கத்தையும் மூடியிருந்தது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கிண்ணியாப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். சிவப்புத் துணியும் இல்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. அப்போ இவர் கடைசி ஆள் இல்லை.

நின்றேன். ஒருவரும் வரவில்லை. போன் நனையும் என்று வீட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்திருந்தேன். எல்லாரும் போயிருந்தால் நான் வீணாக நிற்கிறேன், அது பரவாயில்லை. நான் அசைந்த பிறகு பின்னால் ஒருவர் வந்தால், அவர் திரும்பத் தெரியாமல் நேரே கண்டி வீதியில் போய்விடுவார். இந்த மழைக்குள் ஒருவர் என்னால் வழிதவறிப் போகக் கூடாது. அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

கால் விறைத்துக்கொண்டு வரும்போது அந்தத் துறைமுகத்துத் தம்பி கிண்ணியாப் பக்கமிருந்து திரும்பி வந்தார்.

"ஆச்சி, இதில சைக்கிளோட ஒரு அம்மா நிண்டவ. கண்டனீங்களோ?"

"இல்லைத் தம்பி, நான் காணேல்ல."

"கடவுளே" என்று சொல்லிக்கொண்டு நாங்கள் வந்த ரவுன் பக்கம் மிதித்தார்.

நான் பயந்தது நடந்துவிட்டது. பின்னால் வந்த ஒரு அம்மா நான் கவனிக்காமல் நேரே போய்விட்டார். மீன்காரரோடு கதைத்துக்கொண்டு நின்ற நேரத்திலாக இருக்குமோ? மழைக்குள் இறங்கி நின்று வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தேன். கூப்பிடலாம் என்றால் பெயரும் தெரியாது.

அப்போதுதான் ரீச்சர் வந்தார். "அம்மா! இதிலயோ நிக்கிறீங்கள்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ரீச்சர், ஒரு அம்மாவைக் காணேல்லையாம். அந்தத் தம்பி தேடிக்கொண்டு போறார். நானும் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

ரீச்சர் என்னையே பார்த்தார். "அது நீங்கள்தான் அம்மா."

எனக்கு விளங்கவில்லை. காணாமல் போனது நான் என்றால் நான் எங்கே போனேன்? விட்ட இடத்தில்தானே நிற்கிறேன்.

தம்பியும் திரும்பி வந்தார். பொலித்தீனை இறக்கிய என்னைப் பார்த்து, "ஐயோ, உங்களிட்டத்தானே கேட்டனான்!" என்றார். மழைக்கோட்டைத் தூக்கினார். உள்ளே சிவப்புத் துணி நனையாமல் கிடந்தது.

"துணி நனையக் கூடாதெண்டு கோட்டுப் போட்டனீரோ?" என்றார் ரீச்சர்.

"பஸ்ஸுக்கு நிக்கிற ஆச்சியெண்டு நினைச்சிட்டன் ரீச்சர்."

"ரீச்சர், வேற ஒருத்தரும் பின்னுக்கு இல்லையோ?" அதை மட்டும் கேட்டுவிட்டேன்.

"எல்லாரும் பாலத்தடியில. ரெண்டுதரம் எண்ணிப்போட்டுத்தான் வாறன்."

பாலத்தடியில் எல்லாரும் குளிரில் நடுங்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. அசையாமல் நின்றது பெரிய விஷயம் என்று ஒரு பிள்ளை என் கையைப் பிடித்துச் சொன்னது. என்னைப் புகழ்கிறார்களா, பகிடி பண்ணுகிறார்களா என்று முகங்களைப் பார்த்தேன், தெரியவில்லை. அந்தத் தம்பி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்று மூன்றாம் தரமும் சொன்னார். எதற்கு மன்னிப்பு என்று எனக்கு விளங்கவேயில்லை. கேட்டபோது காணவில்லை என்று சொன்னவள் நானல்லவா?