மாடி வீடு பெண் கேட்டது

"மாடி வீடு உங்க பொண்ண கேக்குதுண்ணே" என்று தரகர் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, நான் உப்பளத்து வரப்பில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தேன். கடல் ஊருக்குள் ஏறி வந்ததற்கு அடுத்த கோடை அது. பாத்திகளில் படிந்த சேற்றை வழித்துவிட்டுத் தாமதமாகத்தான் உப்பு வார ஆரம்பித்திருந்தோம்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றார் என் வீட்டுக்காரர். வீடு என்றால் நான். பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இதற்கு ஆகுபெயர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஊர் சிரித்தது என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள் என்று அர்த்தம். பரீட்சைக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. சிரித்தது யார், சிரிக்காமல் இருந்தது யார் என்று அதில் தெரியாது. கோட்டை உத்தரவு போட்டது என்கிறார்கள். சுவருக்குப் பின்னால் இருந்து சொன்ன ஆள் தெரிவதில்லை. வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சம். அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது என் பெண்ணின் வாழ்க்கை. அவள் தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்காமலே, "வீடு கேக்குதாமே. அந்த வீட்டுக்கு என்னாம்மா வயசு?" என்றாள். அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது வழக்கம். பெயருக்கு ஏற்ற மாதிரி வீட்டைத்தான் பார்ப்போம். கிளியனூரை ஒட்டி இருந்தது அது. வாசலில் தடித்த தூண்கள் இரண்டு. மேலே ஒரு சன்னமான சிமெண்ட் பலகை. அதைத் தாங்க அவ்வளவு தூண் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். பையனின் அம்மா போர் தண்ணீரைக் காட்டினார், கிரைண்டரைக் காட்டினார். பிறகு படியேறிப் போனோம். மேலே மாடி இல்லை. மொட்டைத் தளம், நான்கு மூலையிலும் துருப்பிடித்த கம்பிகள்.

"ரூம் எடுக்கணும். அதுக்குத்தான் கம்பி வுட்டு வெச்சிருக்குது" என்றார்.

கட்டாத மாடிக்கு ஊரே பெயர் வைத்துவிட்டிருந்தது.

"தம்பி இல்லைங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"லோடுக்குப் போயிருக்கான். அவனுக்குன்னு தனியா என்னா இருக்குது? வூடு சொன்னா சரின்னுடுவான்."

திரும்பும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் கிரைண்டரைப் பற்றியே பேசினார்.

அந்தப் பையன் உப்பு லாரி ஓட்டுகிறான் என்பது தெரியும். அடுத்த வாரம் எங்கள் உப்பளத்துக்கே லோடு ஏற்ற வந்தான். மூட்டை ஏறிக்கொண்டிருந்த நேரம், தண்ணீர்க் குடத்தோடு அவனிடம் போனேன். யார் என்று சொன்னதும் அவனே சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தச் சம்பந்தம் வேணாம்னு நீங்களே சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா எங்க வூடு ஒத்துக்காது" என்றான்.

"வூடுன்னா யாருப்பா?"

"எங்கம்மாதான். வேற யாரு?"

"எம் பொண்ண நீ பாத்துருக்கியா?"

"இல்லீங்க. கேட்டுருக்குதுன்னே நேத்துதான் தெரியும்."

தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். இதை வீட்டில் சொன்னதும் என் பெண் ஊசியில் நூல் கோத்தபடி, "அப்போ எனக்கும் வேணாம்" என்றாள்.

தரகர் பதில் கேட்டு வந்தார். "வீட்ல என்னா நெனைக்கிறாங்கன்னா..." என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்தேன்.

"நான்தாங்க சொல்றேன். வேணாம்."

"இன்னாக்கா இது! மாடி வூட்டப் போயி வேணாங்குற? காரணம் சொல்லு."

பையனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "எனக்குப் புடிக்கல" என்றேன். கிளம்பும்போது, "உப்பு வார்ற கைக்கு இவ்ளோ திமிரு" என்று வண்டியை உதைத்துக்கொண்டே அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அடுத்த லோடுக்கு வேறு டிரைவர் வந்தார். அந்தப் பையன் உண்மையைத்தான் சொன்னானா, கீற்றுக் குடிசைப் பெண் வேண்டாம் என்று நாசூக்காகக் கழற்றிவிட்டானா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. எதுவாக இருந்தாலும், என் பெண்ணைக் கேட்டது அவன் இல்லை.